சூரியன் விழுந்து அரைமணி நேரம்

வோபர்ன், ஸ்காபரோ
14.04.2019

மச்சான் கோணேஸுக்கு,

வருசப் பிறப்பன்று என்னிடமிருந்து பெட்டி வரும் என்று நீர் கனவிலும் நினைத்திருக்க மாட்டீர். இங்கே நானும் பரிமளமும் சுகம். அங்கே என் தங்கச்சி அரசி எப்படி? உமக்குச் சீனி வருத்தம் எப்படி? முதலாவதை மனதாலும் இரண்டாவதை மரியாதைக்கும் கேட்கிறேன்.

உம்மோடு இனிமேல் போனில் கதைக்கமாட்டேன் என்று இரண்டு வருசத்துக்கு முன்னம் சத்தியம் செய்தேன். அது அப்படியே நிற்கிறது. கடதாசிக்கு நான் சத்தியம் செய்யவில்லை. அதோடு வியாபாரத்தில் போனில் சொன்ன சொல் எனக்கு உதவாது. நாளைக்குச் சொன்னவனே, "நான் அப்பிடிச் சொல்லேல்லை அண்ணை" என்பான். எழுதினால் நிற்கும்.

விசயம் இதுதான். மொன்றியலில் ஒரு ரஷ்யக்காரர் தங்கள் நாட்டில் செய்த, துவக்கில் பூட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப் இறக்குகிறார். ஆறு மடங்கு பெருப்பிக்கும், கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. ஜெர்மன் சாமானின் விலையில் காற்பங்கு. கையில் எடுத்தால் சுத்தியல் மாதிரிப் பாரம். ஒன்ராறியோ முழுவதற்கும் எனக்கு ஏஜென்சி தர ஆள் தயார். செப்ரெம்பர் முப்பதுக்குள் நான் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும்.

நான் தூண்டில் விற்கிறவன். துவக்கைத் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன். கோயிலில் இப்பவே கதை தொடங்கிவிட்டது: "துவக்குக்குத் தப்பி வந்த சனத்துக்கு நடுவில உவர் துவக்குச் சாமான் விக்கப் போறாராம்." உவையளுக்கு ஒரு மூஸ் மான் இறைச்சிப் பார்சல் கொடுத்துப் பாரும், இரண்டாவது பார்சல் கேட்பினம்.

உம்மிடம் துவக்கு இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் காடு இருக்கிறது. உம்மில் எனக்குக் கோபம் இருக்கிறது. உம்முடைய கண்ணில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆறு வருசம் என் கடையில் நின்றபோது, பெட்டியை உடைக்காமலே எந்தத் தூண்டில் நூல் போலி என்று சொன்ன ஆள் நீர்.

1, 2, 3 என்று மூன்று அனுப்பியிருக்கிறேன். மூன்றும் ஒரே வகை. சீரியல் நம்பர் தெரியாமல் கறுப்பு நாடா சுற்றி அதற்கு மேல் என் இலக்கம் ஒட்டியிருக்கிறது. நாடாவைக் கழற்ற வேண்டாம். நூறு மீற்றரில் மூன்று வெடி வையும். திருகுகளை நாலு பக்கமும் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவந்து, மறுபடி மூன்று வெடி. ஒரு இரவு ஃபிறீசரில் வைத்து எடுத்துக் குசினி ஆவியில் பிடியும், கண்ணாடிக்கு உள்ளுக்குப் பனிப்புகார் கட்டுகிறதா பார்க்க. கடைசியாகச் சொல்வதுதான் முக்கியம். சூரியன் விழுந்து அரைமணி நேரம் மட்டும் சட்டம் சுட விடுகிறது. அந்த அரைமணியில்தான் மிருகம் வெளியே வரும். அந்த அரைமணிக்காகத்தான் சனம் காசு கொடுக்கிறது. சூரியன் விழுந்து எத்தனை நிமிசம் வரைக்கும் இருநூறு மீற்றருக்கு அங்கால் நிற்கிற மரத்தில் கொப்பு எண்ணலாம் என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதி, மூன்றையும் திருப்பி அனுப்பும்.

சாமான் சரியென்றால் வடக்குப் பக்கம் முழுவதும் உமக்கு. பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டே செய்யலாம். பிழையென்றால் பிழை என்று எழுதும். என் முகத்துக்காக எழுதினால் பிறகு என் முகத்தில் முழிக்க வேண்டாம்.

பெட்டியில் அரசிக்குப் பரிமளம் இடித்த தூள் இரண்டு கிலோ இருக்கிறது.

இப்படிக்கு,
இராஜரட்ணம்


ஹேர்ஸ்ட்
வட ஒன்ராறியோ
19.05.2019

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். சீனி கட்டுப்பாட்டில். அரசி சுகம். ஆற்றில் ஐஸ் போன கிழமைதான் உடைந்தது. கறுப்பு இலையான் கடி தொடங்கிவிட்டது. அங்கே அண்ணிக்கு முழங்கால் எப்படி?

கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. பிறகு துவக்கை எடுத்துக்கொண்டு மணல் கிடங்குக்குப் போனேன்.

நம்பர் 1 குறி தவறவில்லை, ஆனால் திருகு இறுக்கம், குளிரில் கையுறையோடு திருப்ப ஏலாது. நம்பர் 3 ஃபிறீசரால் எடுத்ததும் உள்ளே புகார் கட்டிவிட்டது. அதைத் திருப்பிக் கொடுங்கோ.

நம்பர் 2 தான் சாமான். மூன்று வெடியையும் ஒரு இரண்டு டொலர் காசுக் குத்தியால் மூடலாம். திருகைச் சுற்றிக் கொண்டுவந்த பிறகும் அதே இடம். பாரம் உண்மைதான். தோளில் கொண்டு திரிகிறவன் ஏசுவான். ஆனால் சூரியன் விழுந்து இருபத்தெட்டு நிமிசம் வரைக்கும் வீட்டுக்குப் பின்னால் காணி எல்லையில் நிற்கிற பட்ட மரத்தில் கொப்பு எண்ணினேன். பதினொன்று. அல்பேட்டும் வந்து பார்த்தார். இங்கே மோட்டல் வைத்திருக்கிற மன்னார் ஆள். "உது யுத்த டாங்கி மாதிரியெல்லோ இருக்கு. மேல ஏறி நிண்டாலும் ஒண்டும் ஆகாது" என்றார்.

ஒன்று கேட்கவேண்டும். கண்ணாடிச் சாமானோடு மிளகாய்த்தூளை ஒரே பெட்டியில் வைத்தது யாருடைய யோசனை? பை வெடித்து மூன்று ஸ்கோப்பும் கறிச்சட்டிக்குள் விழுந்து எழும்பின மாதிரி வந்தது. துடைக்க அரைநாள் போனது. அரசிக்கு மட்டும் சந்தோசம். ஸ்கோப் திரும்பி வருகிற பெட்டியில் அவள் போன வருசத்துப் புளூபெரி ஜாம் ஒரு போத்தல் வைத்திருக்கிறாள்.

வடக்கு ஏஜென்சி விசயம் மெய்யோ? எழுத்தில் தருவீர்களோ? பஸ் எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல ஏலாது.

அன்புடன்,
கோணேஸ்வரன்


வோபர்ன்
09.06.2019

மச்சான் கோணேஸ்,

சுகமாக இருக்கிறோம். பரிமளத்தின் முழங்காலுக்கு ஊசி போட்டது. இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறாள், கடைக்கு வந்து கணக்கும் கேட்கிறாள்.

தூளைப் பற்றி வாய் திறக்க உமக்கு உரிமை இல்லை. உங்கள் ஜாம் போத்தல் வழியில் கசிந்து நம்பர் 2 நீலமாக வந்தது. ரஷ்யக்காரனுக்குக் காட்டியிருந்தால் அழுதிருப்பான்.

அறிக்கை நன்றாக இருந்தது. அளந்து எழுதியிருக்கிறீர். ஆனால் ஒரு நல்ல சாமானைக் கண்டு நான் பெட்டியைத் திறந்தவன் இல்லை. எந்தத் தொழிற்சாலையும் முதல் மாதிரியை நல்லதாக அனுப்பும், பிறகு குப்பையைக் கொட்டும். ஆகவே 4, 5 என்று இரண்டு வருகின்றன. அதே சோதனை. நாடாவைக் கழற்ற வேண்டாம். எல்லாம் பார்த்து முடிந்ததும் வடக்கு ஏஜென்சி எழுத்தில் வரும். என் சொல்லை நான் விழுங்கினது கிடையாது, கசந்தாலும்.

துஷானி விட்பியில் புது வீட்டுக்குப் போய்விட்டாள். மாமா வந்தால் தன்னோடுதான் நிற்கவேணுமாம். என்னைக் கேட்காமலே சொல்கிறாள். கலியாணம் முடித்துக் கொடுத்த பிறகு தகப்பன் சொல் எடுபடாது.

தூள் இந்தமுறை மூன்று பை போட்டுக் கட்டியிருக்கிறது.

இராஜரட்ணம்


ஹேர்ஸ்ட்
14.07.2019

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். சீனி கட்டுப்பாட்டில். அரசி பழம் பொறுக்கப் போகிறாள், கரடி விலகிப்போக இடுப்பில் மணி கட்டிக்கொண்டு. அண்ணியின் முழங்கால் சுகப்பட்டது கேட்டுச் சந்தோசம்.

நம்பர் 4 பரவாயில்லை. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நம்பர் 5 சரியில்லை. மூன்று வெடி தேத்தண்ணிச் சாசர் அளவுக்குப் பரந்தது. திருகில் பிழை இல்லை என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடியில் மஞ்சள் படிந்த மாதிரி இருக்கிறது. சூரியன் விழுந்து பன்னிரண்டு நிமிசத்தோடு மரம் கரைந்துபோகிறது. கொப்பு ஆறோ ஏழோ.

பெட்டி திறக்கும்போது தூள் பறந்து கண்ணில் பட்டு ஒரு கிழமை எரிந்தது. அதனாலும் இருக்கலாம். அதையும் எழுதவேணும் என்று எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் பூட்டியாயிற்று. கடைசிக் கிழமையில் பஸ் நிறுத்துகிற யார்ட் கேற்றுத் தூணில் தட்டி பஸ்ஸின் பக்கக் கண்ணாடி உடைந்தது. தூணை யாரோ நடுவுக்குக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள்.

ஏஜென்சி எழுத்து எப்போது வரும்?

கோணேஸ்வரன்


வோபர்ன்
28.07.2019

கோணேஸ்,

சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும். இனி விசயத்துக்கு வருகிறேன், கோபத்தோடுதான் வருகிறேன்.

மூன்று பைக்குள் கட்டின தூள் எப்படிப் பறக்கும்? பரிமளத்துக்கு வாசித்துக் காட்டினேன். "முப்பது வருசமா இடிக்கிறன். என்ர தூள் கறியிலதான் எரியும், கண்ணாடியில எரியாது எண்டு சொல்லுங்கோ" என்றாள். சொல்லிவிட்டேன்.

உம்முடைய எழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இது கடிதமா, கோயில் நோட்டீசா? ஒரு பக்கத்துக்கு எட்டு வரி. ஒரு தாளில் கொள்ளுகிறதை மூன்று தாளில் எழுதியிருக்கிறீர். வரி மேலே ஏறி இறங்கிப் போகிறது. குடிவெறியில் எழுதினீரோ?

அது கிடக்கட்டும். உங்கள் ஊர் அல்பேட் எனக்கு நேரே ஒரு கடிதம் போட்டிருக்கிறார். "கோணேஸ் மெத்த நல்ல ஆள். ஆனா வியாபாரம் சரிவராது. வடக்கை எனக்குத் தாங்கோ" என்கிறார். நான் மறுமொழி போடவில்லை. ஆனால் அவர் பார்த்துப் புகழ்ந்த சாமான் இப்போது திடீரென்று உமக்கு மங்கலாகத் தெரிகிறதே, அது ஏன் என்று யோசிக்கிறேன். சாமானைக் கெடுத்துச் சொன்னால் நான் விட்டுவிடுவேன், பிறகு அவர் ரஷ்யக்காரரிடம் நேரே போவார். அப்படி ஒரு கணக்கு ஓடுகிறதோ?

நம்பர் 6 வருகிறது. தனியாக. தூள் வேறு பெட்டியில் வேறு நாளில் வரும். இனிச் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை.

இராஜரட்ணம்


ஹேர்ஸ்ட்
01.09.2019

அண்ணைக்கு,

சுகம். அரசி சுகம்.

அல்பேட் எழுதினது எனக்குத் தெரியாது. அவரோடு கதைப்பதை விட்டுவிட்டேன்.

நம்பர் 6. நாலு நாள் பார்த்தேன். சூரியன் விழும்போதே புகை. கொப்பு எண்ண முதல் மரத்தைக் காணவேண்டும். நூறு மீற்றர் வெடி எழுதத் தேவையில்லை.

வாங்காதேங்கோ. இதை எழுதுவதால் எனக்குத்தான் வடக்கு போகிறது, அது தெரிந்துதான் எழுதுகிறேன். உங்கள் பேரில் இந்தச் சாமான் போகக்கூடாது.

செவ்வாய் பள்ளிக்கூடம் திறக்கிறது. இந்த வருசம் எனக்குப் புதுப் பாதை, இருபத்தாறு பிள்ளைகள்.

கோணேஸ்வரன்


வோபர்ன்
08.09.2019

கோணேஸ்,

உன்னைச் சுகம் கேட்க மனம் வரவில்லை. நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அது காணும்.

பெட்டியைத் திற. நீ திருப்பி அனுப்பின நம்பர் 6 உள்ளே இருக்கிறது. நாடாவைப் பாதி உரித்து வைத்திருக்கிறேன். அடியில் என் இலக்கங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று ஒட்டியிருக்கின்றன. 2, 5, 6. மூன்றும் ஒரே ஸ்கோப். விளங்குதோ? ஒரே ஸ்கோப். நீல ஜாம் கறை திருகு ஓரத்தில் இன்னும் இருக்கிறது, தடவிப் பார்.

கடை தொடங்க முன்னம் நான் அரிசி எடுத்து விற்ற காலத்திலிருந்து இது என் வழக்கம். தரம் சொல்கிறவனுக்கு ஒரே அரிசியை மூன்று பையில் வேறு வேறு நாள் கொடுப்பேன். மூன்றுக்கும் ஒரே சொல் வந்தால் அவனை நம்பலாம். வேறு வேறு சொல் வந்தால் ஆள் கள்ளன், இல்லையென்றால் யாரோ அவன் பொக்கற்றில் கை வைத்துவிட்டான்.

மே மாதம் இருபத்தெட்டு நிமிசம், பதினொரு கொப்பு. ஜூலையில் பன்னிரண்டு நிமிசம். இப்போது மரத்தையே காணவில்லை. கண்ணாடி என்ன ஐஸ் கட்டியோ, மாதா மாதம் கரைய?

உன்னுடைய மூன்று அறிக்கையையும் படி எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். உன் எழுத்து. "நான் எழுதேல்லை" என்று சொல்ல ஏலாது. அல்பேட் உனக்கு என்ன தருகிறேன் என்றான்? என்னைக் கேட்டிருந்தால் அதைவிடக் கூடத் தந்திருப்பேனே.

முப்பதாம் திகதி வரைக்கும் பார்ப்பேன். என் தங்கச்சிக்காகத்தான் பார்க்கிறேன்.

இராஜரட்ணம்


ஹேர்ஸ்ட்
24.09.2019

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை வாசிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. மறுமொழி எழுத இரண்டு கிழமை எடுத்தது.

அரிசி மூட்டையில் குத்தூசி குத்துவது மாதிரி என்னை ஐந்து மாதம் குத்திப் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் மூட்டைதான். துஷானியின் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் என்னைக் காட்டி, "இவர் முந்தி என்ர கடையில நிண்டவர்" என்றீர்கள். தங்கச்சியின்ர மனுசன் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு நான் இலையில் கை வைக்காமல் எழும்பிப் போனேன். அதுக்குத்தானே போனில் கத்திச் சத்தியம் செய்தீர்கள். இன்னும் கடையில்தான் நிற்கிறேன் என்று நினைத்து சோதனை வைக்கிறீர்கள்.

எனக்கு அல்பேட்டும் ஒன்றும் தரவில்லை, ஒருவரும் ஒன்றும் தரவில்லை.

மூன்று தரமும் நான் கண்டதைத்தான் எழுதினேன். இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் ஸ்கோப்பை வந்து எடுத்துக்கொண்டு போங்கோ.

கோணேஸ்வரன்


வோபர்ன்
29.09.2019, ஞாயிறு

கோணேஸ்,

நேற்றுக் கடையில் ஒருவர் மீன் நிறுக்கிற தூக்குத் தராசைத் திருப்பிக் கொண்டுவந்தார். பிழையான நிறை காட்டுது என்று சண்டை. நான் ஈயக் கட்டி ஒன்றை மூன்று தரம் தூக்கிப் பார்த்தேன். மூன்று நிறை. ஈயக் கட்டியை நான் ஏசவில்லை. தராசைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். போட்டுவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அந்த மனுசன் காசைக் கேட்டபடி நின்றார்.

பிறகு உன் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினேன். மே மாதத்து எழுத்து எறும்பு. ஜூலை எழுத்து வண்டு. இப்போது வந்தது ஒரு பக்கத்துக்கு ஐந்து வரி. தூள் கண்ணில் பட்டதாம். தூண் நடுவுக்கு நடந்து வந்ததாம்! இரண்டு பக்கக் கடிதம் வாசிக்க இரண்டு நாளாம். சீனி கட்டுப்பாட்டில், சீனி கட்டுப்பாட்டில் என்று எழுதிக்கொண்டே வந்து, போன இரண்டு கடிதத்திலும் அதையும் காணவில்லை. ஸ்கோப்புக்கு ஒன்றும் இல்லை. கண் போய்க்கொண்டிருக்கிறது, உனக்கு அது தெரியும்.

விசரா! உனக்கு என்ன துணிவு? இருபத்தாறு பிள்ளைகள். இருபத்தாறு தாய்மார் காலையில் பெட்டியில் சாப்பாடு கட்டி, முடி இழுத்து, வாசலில் நின்று உன்னிடம் கையளிக்கிறார்கள். நடுவில் நிற்கிற தூணையே காணாதவன், பனிக்குள்ளே தெருக் கடக்கிற ஏழு வயதுப் பிள்ளையைக் காண்பாயோ? என்னில் உள்ள வைராக்கியத்துக்கு அந்தப் பிள்ளைகள் ஏன் பொறுப்பு?

நேற்று இரண்டு வருசத்துச் சத்தியத்தை முறித்து ஆறு தரம் போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. ஆகவே நாளைக் காலை ஆறு மணிக்கு உன் பஸ் யார்ட்டுக்கு நானே அடிப்பேன். இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது அது முடிந்திருக்கும். முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று நீ சொல்லக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ரஷ்யக்காரரிடம் ஒரு மாதத் தவணை வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்துகொண்டே "வாங்காதேங்கோ" என்று எழுதின ஒருவனை நான் கள்ளன் என்று எழுதிவிட்டேன். எழுதினால் நிற்கும் என்று சொன்னதும் நான்தான். அது இப்போது என் மேசையில் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது.

அரசியிடம் சொல்லு. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

இராஜரட்ணம்


ஹேர்ஸ்ட்
06.10.2019

அண்ணைக்கு,

திங்கள் காலை ஆறு மணிக்கு நீங்கள் யார்ட்டுக்கு அடித்துக் கத்தினபோது, பஸ்ஸின் திறப்புக் கொத்து அங்கே மூன்று நாளாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரமே நான் கொடுத்துவிட்டேன். உங்களுக்குப் பயந்து இல்லை. உங்கள் கடிதம் அப்போது வரவும் இல்லை.

அன்று பின்னேரம் மூன்றாவது தரிப்பில் பிள்ளைகளை இறக்கிவிட்டு எடுக்க வெளிக்கிட்டேன். முன்னால் ஒரு சிவப்புப் பை தனியே போனது. பையைத்தான் கண்டேன். அதைச் சுமந்துகொண்டு போன பிள்ளையைக் காணவில்லை. பிறேக்கை மிதித்தபோது உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அந்தச் சின்னனும் திரும்பிப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போனது. ஒன்றும் நடக்கவில்லை. நான் மிச்சப் பேரை நடை வேகத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, யார்ட்டில் திறப்பைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நாலு கிலோமீற்றர் நடந்து போனேன்.

யார்ட்டில் நாரிப் பிடிப்பு, இடுப்பை நிமிர்த்த ஏலாது என்றுதான் சொன்னேன். நீங்கள் அடித்துக் கண் என்றீர்கள். இப்போது அவர்களிடம் நான் பொய்யன். உங்களிடம் கள்ளன். நல்ல பேர் எல்லாம் ஒரே மாதத்தில் சேர்ந்துவிட்டது.

நீங்கள் டொக்டரிடம் போ என்று எழுதுவீர்கள். போனால் அவர் லைசென்ஸ் ஒபிசுக்கு எழுதியே தீருவார். கார் லைசென்சும் போகும். இந்த ஊரில் கார் இல்லாதவன் பால் வாங்கவும் ஆளைப் பிடிக்கவேணும். அதன் பிறகு எனக்கு எங்கே வேலை? வோபர்னில். உங்கள் கடை வாசலில். "முந்தி நிண்டவர் திரும்ப வந்திட்டார், பாவம், கண்ணும் தெரியாது" என்று வாறவன் போறவனுக்கெல்லாம் நீங்கள் சொல்லுவீர்கள். அதைவிட இந்த மணல் கிடங்கில் இருட்டில் இருப்பேன்.

அரசிக்கும் நாரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். தைலம் பூசி விடுகிறாள். அவள் கேட்டால் நீங்களும் நாரி என்றே சொல்லுங்கோ. உங்களிடம் நான் கேட்கிறது இது ஒன்றுதான்.

கோணேஸ்வரன்


ஹேர்ஸ்ட்
20.10.2019

அன்புள்ள அண்ணைக்கு,

இது மங்கையற்கரசி எழுதுகிறேன். நான் சுகமாக இல்லை. ஆறு மாதமாக ஒருவரும் என்னை உண்மையாகச் சுகம் கேட்கவில்லை, ஆனபடியால் நானே சொல்கிறேன். இந்தக் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஏச்சு, இரண்டு தரம் ஏச எனக்குச் சத்து இல்லை.

என் தூள் வந்த பெட்டியில்தான் உங்கள் கடிதமும் வந்தது. தூளை எடுத்தேன், கடிதத்தைத் தொடவில்லை. ஆம்பிளையள் வியாபாரம் கதைக்கிறார்கள், இப்படியாவது கதைக்கட்டும் என்று இருந்தேன். இவருடைய போனில் உங்கள் பேரில் ஆறு அழைப்பு இருந்ததைப் போன கிழமைதான் கண்டேன். கதைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்த ஆள் ஆறு தரம் அடித்திருக்கு. ஆரோ செத்துப்போச்சு என்றுதான் நினைத்தேன். ஸ்கோப் பெட்டியைத் திறந்து முழுவதையும் நிலத்தில் இருந்து வாசித்தேன்.

இவர் உள்ளே வந்தார். "நாரி எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பரவாயில்லை" என்றார்.

"கையில என்ன வைச்சிருக்கிறன், சொல்லுங்கோ."

அவர் கன நேரம் பார்த்தார். "தைலப் போத்தலோ?"

"இல்லை. அண்ணையின்ர கடிதம்."

இவ்வளவு நாளும் நான் இவருடைய நாரிக்கும் தோளுக்கும் காலுக்கும் எண்ணெய் பூசினேன், அண்ணை. கண்ணை மட்டும் பார்க்கவில்லை. அந்தக் கோபம் என்னில். மிச்சம் முழுவதும் உங்களில். ஒருவர் கண் போகிறது என்று சொல்ல வெட்கப்பட்டார். மற்றவர் கண்டுபிடித்ததும் என்னை விட்டுவிட்டு ஒரு யார்ட்டுக்காரிக்கு போன் அடித்தார். பிள்ளைகளுக்காக அடித்தது சரி. அது சரி. அடுத்த அழைப்பு எனக்கு வந்திருக்கவேணும். "நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்" என்று வீரமாக எழுதினீர்கள். மூன்று கிழமையாக ஏன் சொல்லவில்லை? நாரி என்று சொல்லச் சொல்லி உங்களுக்கு எழுதினதை இவரே சொன்னார், நீங்களும் ஒத்துப்போய்விட்டீர்கள்.

ரிம்மின்சில் இருக்கிற கண் டொக்டரிடம் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். வலது கண்ணில் தடிப்பாகப் புரை. இடதில் தொடக்கம். கண்ணின் பின்பக்கம் சீனி வருத்தம் செய்த வேலையும் இருக்காம். புரையை வெட்டலாம், மற்றது எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்லமாட்டார்களாம். லைசென்ஸ் போய்விட்டது. கடிதத்தை வாங்கி மடித்து நான் என் கைப்பையில் வைத்தேன்.

இனி உங்கள் வியாபாரம். நேற்றுப் பின்னேரம் வானம் வெளித்திருந்தது. நீங்கள் இலக்கம் ஒட்டி ஒட்டி விளையாடின அந்த ஸ்கோப்பை எடுத்துப் பின் டெக்கில் கைப்பிடிக்கு மேல் அரிசிப் பையை வைத்து, அதற்கு மேல் வைத்தேன். எப்படிக் கண்ணை வைப்பது, எவ்வளவு தள்ளி வைப்பது என்று இவர்தான் சொல்லித் தந்தார். பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்து நிமிசம் சொன்னார். பத்து. பதினைந்து. இருபது. குளிரில் என் கண்ணால் தண்ணி வந்தது. "துடையும், கண்ணாடியில படும்" என்றார். முப்பதில், "சட்டப்படி காணும்" என்று நிறுத்தினார்.

எனக்கு இன்னும் தெரிந்தது. பதினொரு கொப்பு. ஒன்று காற்றில் முறிந்து தொங்குகிறது, அதையும் சேர்த்துத்தான்.

"பதினொண்டோ?" என்று கேட்டார். "வடிவா எண்ணினீரோ?"

"ரெண்டு தரம் எண்ணினன்."

நான் உள்ளே வந்து தேத்தண்ணி வைத்துக்கொண்டு போனபோதும், அந்த மரம் நிற்கிற பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தார்.

சாமான் நல்லம். வாங்குங்கோ. வடக்கு ஏஜென்சியை என் பேரில் எழுதுங்கோ. இவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிகிறது இவருக்குத் தெரியாது, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள். துவக்கு லைசென்ஸ் வகுப்புக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். அதுவரைக்கும் அல்பேட் வெடி வைப்பார். அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு நானே கதைத்தேன், தலை குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார். இனி ஒரே சாமானை இரண்டு இலக்கத்தில் அனுப்பினால் திருப்பி அனுப்பமாட்டேன், ஆற்றில் போடுவேன்.

கண்ணில் புரை வெட்டுகிற நாள் நவம்பர் பதினெட்டு. நீங்கள் வருகிறீர்கள். அண்ணியும் வரட்டும், தூளைத் தனிப் பெட்டியில் கொண்டுவரட்டும். அன்று ஆஸ்பத்திரி வாசலில் பேர் பதிகிற பிள்ளை உங்களைப் பார்த்து, நீங்கள் இவருக்கு யார் என்று கேட்பாள். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று ஸ்காபரோவில் இருந்து இங்கே வந்து சேரும் மட்டும் காருக்குள் இருந்து சொல்லிப் பழகிக்கொண்டு வாருங்கோ. இவர் பக்கத்தில்தான் நிற்பார். கண்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும்.

உங்கள் தங்கச்சி,
அரசி